கயிற்றை இழுத்தால் யார் வருவார்? ஃப்ரீமாண்ட் கார் ஆலை: ஒரு நிகழ்வு ஆய்வு

1982 மார்ச்சில் கலிபோர்னியாவின் ஃப்ரீமாண்ட் நகரில் இருந்த ஜெனரல் மோட்டார்ஸ் கார் ஆலை இழுத்து மூடப்பட்டது. அமெரிக்கக் கார் தொழிலிலேயே மிக மோசமான ஆட்கள் அங்கேதான் இருக்கிறார்கள் என்று பெயர் வாங்கிய ஆலை அது. எந்த நாளை எடுத்துக்கொண்டாலும் ஐந்தில் ஒருவர் வேலைக்கு வந்திருக்க மாட்டார். தீர்க்கப்படாத புகார் மனுக்கள் பல சமயம் 5,000ஐத் தாண்டிக் குவிந்து கிடந்தன. சுமார் இருபது ஆண்டுகளில் நான்கு முறை, திடீர் வேலைநிறுத்தத்தாலும் எல்லோரும் சேர்ந்து மருத்துவ விடுப்பு எடுத்ததாலும் உற்பத்தி முற்றிலும் நின்றது.

1984 டிசம்பரில் அதே கட்டடத்தில் கார் பூட்டும் லைன் மறுபடி ஓடத் தொடங்கியது. இந்த முறை அது ஜெனரல் மோட்டார்ஸும் டொயோட்டாவும் சேர்ந்து தொடங்கிய கூட்டு நிறுவனம். முழுப்பெயர் நியூ யுனைடெட் மோட்டார் மேனுஃபாக்சரிங். எல்லோரும் சொல்வது நம்மி. மணிக்கணக்குக் கூலியில் சேர்ந்த முதல் 2,200 பேரில் சுமார் 85 சதவீதம் பேர் பழைய ஆலையில் வேலை பார்த்தவர்கள். சங்கமும் அதேதான், தலைவர்களில் ஏறக்குறைய எல்லோரும் பழையவர்கள். இரண்டு வருடத்துக்குள் வேலைக்கு வராதவர்களின் அளவு 20 சதவீதத்துக்கு மேலிருந்து 3, 4 சதவீதத்துக்கு இறங்கியது.

பணியாளர் ஈடுபாட்டைப் பற்றிப் பேசும் எவரும் இந்த ஆலையைப் பற்றி ஒருமுறையாவது ஆழ்ந்து யோசிக்க வேண்டும். காரணம் எளிது. ஈடுபாடு குறைந்தால் நிர்வாகங்கள் முதலில் சொல்வது, ‘ஆட்கள் சரியில்லை’ என்பதுதான். ஃப்ரீமாண்டில் ஆட்கள் மாறவில்லை. ஊர், கட்டடம், சங்கம் எதுவும் மாறவில்லை. கூலியும் அன்றைய கார் தொழிலின் வழக்கமான அளவுதான். அப்படியானால் மாறியது எது?

பழைய ஆலையில் ஒரே ஒரு விதி

என்ன ஆனாலும் லைன் நிற்கக் கூடாது. பழைய ஃப்ரீமாண்டில் இருந்த விதிகளில் உண்மையில் உயிரோடு இருந்தது இது ஒன்றுதான். போல்ட் பாதி இறங்கியிருந்தாலும் கார் போக வேண்டும். தப்பான பாகம் மாட்டியிருந்தாலும் போக வேண்டும். ஆலைக்கு வெளியே பழுது பார்க்கும் முற்றத்தில் வேறு ஆட்கள் அவற்றைப் பிரித்துச் சரிசெய்வார்கள். சரிசெய்யாமல் விட்டதும் உண்டு.

இந்த விதியின் கீழ் ஒரு மனிதனுக்கு என்ன நடக்கும் என்று பாருங்கள். ஒரு ஷிப்டில் நானூற்றுச் சொச்சம் கார்கள் அவன் முன்னால் ஓடுகின்றன. தவறு நடக்கும்போது அவனுக்குத்தான் முதலில் தெரியும். ஆனால் அதைச் சொல்ல வழி இல்லை. சொன்னாலும் கேட்க ஆள் இல்லை. தெரிந்தே தவறான பொருளை அனுப்பி வைப்பதுதான் அவனுடைய அன்றாட வேலை என்று ஆகிவிடுகிறது. அதற்குப் பிறகு வேலையில் மனம் எப்படி ஒட்டும்? கதவுப் பலகைக்குள் காலி கோக் பாட்டிலைப் போட்டு மூடி, வாங்கியவருக்குக் கடகடவென்று சத்தம் கேட்கட்டும் என்று அனுப்பியவர்கள் அங்கே இருந்தார்கள். வேலை நேரத்தில் குடி இருந்தது. திங்கட்கிழமை காலையில் லைனை ஓட்ட ஆள் தேறாத நாட்களும் இருந்தன. இவை எல்லாம் ஒழுக்கக் கேடுதான், மறுப்பதற்கில்லை. ஆனால் ஒழுக்கக் கேட்டை வளர்த்தெடுத்த மண் எது என்று கேட்காமல் தண்டனை மட்டும் கொடுத்தால் புகார் மனுக்கள்தான் பெருகும். பெருகவும் செய்தன.

சேர்ந்து தொடங்கியது எப்படி

1983 பிப்ரவரியில் இரு நிறுவனங்களும் ஒப்பந்தத்துக்கு வந்தன. ஜப்பானியக் கார்களின் இறக்குமதிக்கு அமெரிக்காவில் கட்டுப்பாடு இருந்த காலம் அது. அமெரிக்கத் தொழிலாளர்களை வைத்துத் தன் முறை ஓடுமா என்று டொயோட்டா பார்க்க விரும்பியது. சிறிய கார்களை லாபத்தோடு செய்வது எப்படி என்று ஜெனரல் மோட்டார்ஸ் கற்க விரும்பியது. ஆலையைக் கொடுத்தது ஜெனரல் மோட்டார்ஸ். 10 கோடி டாலர் போட்டது டொயோட்டா. அன்றாட நிர்வாகம் முழுவதும் டொயோட்டாவின் கையில். முதல் தலைவர் தட்சுரோ டொயோடா.

பழைய ஆட்களையே எடுப்பதில் டொயோட்டாவுக்குத் தயக்கம் இருந்தது. ஐக்கிய வாகனத் தொழிலாளர் சங்கத்தின் மேற்குப் பகுதி இயக்குநர் புரூஸ் லீ விடாப்பிடியாக நின்றார். 1983 செப்டம்பரில் எழுத்துப்பூர்வமாக உடன்பாடு ஆனது: சங்கத்துக்கு அங்கீகாரம் உண்டு, பெரும்பான்மை ஆட்கள் பழைய ஆலையிலிருந்தே வருவார்கள், பதிலுக்குப் பழைய பணி விதிகளைச் சங்கம் விட்டுக்கொடுக்கும்.

விட்டுக்கொடுத்தது சிறிய விஷயம் அல்ல. பழைய ஆலையில் உற்பத்தித் தொழிலாளர்களுக்கு மட்டும் ஏறத்தாழ 80 பணி வகைகள் இருந்தன. இன்னார் இந்த வேலையை மட்டும்தான் செய்வார், பக்கத்து வேலையைத் தொட்டால் புகார் என்ற நிலை. நம்மியில் உற்பத்திக்கு ஒரே ஒரு வகை. குழுவில் இருப்பவர் குழுவின் எல்லா வேலைகளையும் கற்றுக்கொண்டு மாற்றி மாற்றிச் செய்ய வேண்டும்.

ஆள் எடுப்பு மூன்று நாள் நடந்தது. மாதிரி லைனில் வேலை, குழுவாகப் பேசி ஒரு சிக்கலைத் தீர்ப்பது, எழுத்துத் தேர்வு, நேர்காணல். பிறகு குரூப் லீடர், டீம் லீடர் ஆகப்போகும் சுமார் 450 பேரை ஜப்பானில் உள்ள டொயோட்டா நகருக்கு மூன்று வாரப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். தகாவோகா ஆலையில் ஓடும் லைனில், ஜப்பானியத் தொழிலாளி ஒருவரின் பக்கத்தில் நின்று, அவர் செய்யும் அதே வேலையைச் செய்து பழகினார்கள். வேலையில் பின்தங்கும்போது பக்கத்தில் இருப்பவர் ஓடிவந்து, ‘உதவி வேண்டுமா?’ என்று கேட்டது அவர்களை உலுக்கிவிட்டது. பழைய ஆலையில் பின்தங்கினால் சூப்பர்வைசர் வந்து கத்துவார். விடைபெறும் நாளில் கட்டிப்பிடித்து அழுதவர்கள் பலர். வகுப்பறையில் எத்தனை மாதம் சொல்லிக்கொடுத்திருந்தாலும் இது கிடைத்திருக்காது.

கயிறு

இனி விஷயத்தின் மையத்துக்கு வரலாம்.

லைனின் ஓரமாக, கைக்கு எட்டும் உயரத்தில், துணி காயப்போடும் கொடி போல ஒரு கயிறு ஓடுகிறது. தலைக்கு மேலே எண்கள் எழுதிய விளக்குப் பலகை. இதற்கு ஆன்டான் என்று பெயர். தமிழ்க் காதுக்கு ஆண்டான் அடிமை நினைவு வரும். ஜப்பானிய மொழியில் அது காகிதக் கூண்டுக்குள் எரியும் பழங்கால விளக்கு.

ஒரு வேலையை அருகில் போய்ப் பார்ப்போம். சீட் பெல்ட்டின் நங்கூர போல்ட்டை இறுக்கும் இடம். போல்ட்டைக் கையால் இரண்டு சுற்று சுற்றி உட்கார வைத்து, பிறகு குறித்த அளவுக்கு முறுக்கும் கருவியான டார்க் கன்னால் இறுக்க வேண்டும். கன் கொஞ்சம் சாய்ந்தால் போதும், மரை குறுக்காக ஏறிவிடும். போல்ட் பாதியில் நின்றுவிடும். கையில் அந்த முரண்டு தெரியும். அடுத்த கார் வர இன்னும் முப்பது விநாடிதான் இருக்கிறது.

நம்மியில் அந்தக் கணத்தில் கயிற்றை இழுக்க வேண்டும். இழுத்தவுடன் அந்த இடத்தின் எண் பலகையில் மஞ்சளாக எரியும், ஒரு மெட்டு ஒலிக்கும். லைன் உடனே நின்றுவிடாது. பலர் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் இதுதான். ஒவ்வொரு பணியிடத்துக்கும் தரையில் ஒரு முடிவுக்கோடு இருக்கும். கார் அந்தக் கோட்டை எட்டும்வரை லைன் ஓடிக்கொண்டே இருக்கும். அதற்குள் டீம் லீடர் வந்துவிட வேண்டும். வந்து, சிக்கலைப் பார்த்து, கோட்டுக்குள் தீர்க்க முடியுமென்றால் கயிற்றை மறுபடி இழுப்பார். விளக்கு அணையும், லைன் நிற்காது. முடியாது என்றால் கார் கோட்டை எட்டியதும் லைன் நிற்கும், விளக்கு சிவப்பாகும், குரூப் லீடரும் வருவார். எல்லாப் பணியிடங்களும் தங்கள் சுற்றை முடித்த நிலையில் நிற்பதால் மற்றவர்களுடைய வேலை அரைகுறையாகத் தொங்காது.

வந்தவர் முதலில் கேட்கும் கேள்வியும் முக்கியம். ‘யார் செய்தது?’ என்று கேட்டால் அடுத்த முறை யாரும் இழுக்க மாட்டார்கள். ‘என்ன ஆயிற்று?’ என்றுதான் கேட்க வேண்டும். கன்னைத் தொங்கவிடும் பேலன்சரின் நீளம் சரியில்லையா? போல்ட்டின் முனை இந்த லாட்டில் மாறியிருக்கிறதா? புதியவர் என்றால் கையால் சுற்றுவதைத் தவிர்க்கிறாரா? அன்றே விடை கிடைக்காவிட்டாலும் கேள்வி பதிவேட்டில் ஏறிவிடும்.

இந்த அமைப்பைத் தாங்குவது கயிறு அல்ல, ஆள் விகிதம். நம்மியில் ஒரு குழுவுக்கு ஐந்து முதல் ஏழு பேர், அவர்களுக்கு ஒரு டீம் லீடர். டீம் லீடரும் சங்க உறுப்பினர்தான். அவருக்கென்று நிலையான பணியிடம் கிடையாது. நான்கு குழுக்கள் சேர்ந்தால் ஒரு குரூப் லீடர். நிர்வாகத்தின் முதல் படி அவர்.

ஏன் ஆறேழு பேருக்கு ஒருவர் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நிமிடத்துக்கு ஒரு கார், ஷிப்டுக்கு ஏழரை மணி நேரம் என்றால் 450 கார்கள். ஒவ்வொருவரும் 100 காருக்கு ஒருமுறை கயிற்றை இழுக்கிறார் என்று வைத்துக்கொண்டால், ஆறு பேர் குழுவில் ஷிப்டுக்கு 27 இழுப்புகள். ஏறத்தாழ 17 நிமிடத்துக்கு ஒன்று. டீம் லீடர் இதைச் சமாளித்து, கழிப்பறைக்குப் போகிறவருக்கு மாற்றாகவும் நின்று, புதியவருக்குச் சொல்லியும் கொடுக்கலாம். அதே வேலையை 30 பேருக்கு ஒரு சூப்பர்வைசரிடம் கொடுத்தால் 135 இழுப்புகள். மூன்றரை நிமிடத்துக்குள் ஒன்று வந்து நிற்கும். அவர் வரமாட்டார், வரவும் முடியாது. இரண்டு வாரத்தில் கயிறு வெறும் அலங்காரமாகிவிடும். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் லைனில் வேலை செய்பவர்களுக்கு இந்தக் கணக்கை விளக்க வேண்டியதில்லை.

நம்மிக்கான பயிற்சியை ஜப்பானில் வடிவமைத்தவர்களில் ஒருவரான ஜான் ஷூக் பிற்காலத்தில் இதையொட்டி ஒரு கருத்தை முன்வைத்தார்: மனப்பான்மையை மாற்றி அதன் மூலம் நடத்தையை மாற்றப் பார்ப்பது தலைகீழ் வழி, முதலில் செய்யும் முறையை மாற்றுங்கள், மனம் பின்னாலேயே வரும். ஃப்ரீமாண்டைப் பார்த்த பிறகு இதை மறுப்பது கடினம். ‘தரமே நம் உயிர்’ என்று சுவரில் எழுதுவதால் யாரும் நம்பிவிடுவதில்லை. கயிற்றை இழுத்த முதல் நாள், கத்துவதற்குப் பதிலாக உதவிக்கு ஒருவர் ஓடிவந்தால், எழுதாமலே நம்புவார்கள்.

ஸ்டாப்வாட்ச் யார் கையில்?

பழைய ஆலையில் சுமார் 80 தொழிலியல் பொறியாளர்கள் இருந்தார்கள். ஒவ்வொரு வேலையும் எத்தனை விநாடி, எந்த வரிசை என்று அவர்கள் எழுதி, சூப்பர்வைசர் மூலம் கீழே அனுப்புவார்கள். தொழிலாளிகள் அந்தத் தாளை மதிக்கவில்லை. அவர்களுக்குத் தெரிந்த நல்ல வழிகளை வெளியே சொன்னால் வேலை கூடும் என்பதால் ரகசியமாக வைத்துக்கொண்டார்கள்.

நம்மியில் ஸ்டாப்வாட்ச் குழுவினரின் கைக்கே வந்தது. ஒருவர் செய்ய, மற்றவர் நேரம் எடுப்பார். வேலையைச் சிறு சிறு அசைவுகளாகப் பிரித்து, எது பாதுகாப்பானது, எது வேகமானது, எதை எட்டு மணி நேரமும் தளராமல் செய்ய முடியும் என்று பேசுவார்கள். அடுத்த ஷிப்டில் அதே வேலையைச் செய்பவர்களோடு ஒப்பிட்டு, இரண்டிலும் சிறந்ததை எடுத்து எழுதுவார்கள். அந்தத் தாளில் மூன்று விஷயங்கள் கட்டாயம் இருக்கும்: ஒரு காருக்கு எத்தனை விநாடி, எந்த வரிசையில் எதைச் செய்வது, கையிருப்பாக எத்தனை பாகம் இருக்க வேண்டும். எழுதியதும் அதுதான் சட்டம். எல்லோரும் அப்படியே செய்ய வேண்டும். யாருக்காவது மேலும் நல்ல வழி தோன்றினால் குழுவில் செய்து காட்டி, தாளையே மாற்றலாம்.

கேட்பவர்களுக்கு இது முரணாகத் தெரியும். ஒவ்வொரு அசைவையும் எழுதிவைத்தால் மனிதன் இயந்திரமாகிவிட மாட்டானா? இந்த ஆலையை நேரில் ஆராய்ந்த பால் ஆட்லர் என்ற பேராசிரியர் அழுத்திச் சொன்னது இதைத்தான்: விதி இறுக்கமா தளர்வா என்பது அடுத்த கேள்வி, அதை எழுதியவர் யார், மாற்றும் உரிமை யாருக்கு என்பதே முதல் கேள்வி. ஆலோசனைத் திட்டத்தில் பங்கெடுத்தவர்கள் 1986இல் 26 சதவீதம். 1991இல் 92 சதவீதம். ஐந்து வருடம் பிடித்தது என்பதைக் கவனிக்க வேண்டும். முதல் வருடத்தின் எண்ணைப் பார்த்துவிட்டு, ‘நம் ஆட்களுக்கு ஆர்வம் இல்லை’ என்று திட்டத்தை மூடிவிடும் நிறுவனங்கள் ஏராளம்.

யோசனை சொன்னால் வேலை போகுமா?

ஆறு பேர் செய்யும் வேலையை ஐந்து பேர் செய்ய வழி கண்டுபிடித்தால் ஆறாவது ஆளுக்கு என்ன கதி? இந்தக் கேள்விக்குத் தெளிவான பதில் இல்லாத இடத்தில் யாரும் யோசனை சொல்ல மாட்டார்கள். சொல்லாமல் இருப்பதுதான் அறிவும்கூட.

1985 ஒப்பந்தத்தில் இதற்குப் பதில் எழுத்தில் வந்தது. நிறுவனமே நீண்டகாலம் தாக்குப்பிடிக்காது என்ற அளவுக்குக் கடுமையான நெருக்கடி வந்தாலொழிய ஆள்குறைப்பு கிடையாது. அப்படி வந்தாலும் முதலில் அதிகாரிகளின் சம்பளம் குறைய வேண்டும், வெளியே கொடுத்த வேலைகளை உள்ளே கொண்டுவர வேண்டும், அதற்குப் பிறகுதான் தொழிலாளி.

சோதனை 1988இல் வந்தது. ஆலையின் முதல் காரான செவ்ரலே நோவா விற்கவில்லை. உற்பத்தி ஆலையின் திறனில் 60 சதவீதத்துக்கும் கீழே போனது. அமெரிக்கக் கார் ஆலைகளில் வழக்கமாக இப்படி ஒரு நிலையில் ஆயிரம் பேருக்காவது நோட்டீஸ் போயிருக்கும். நம்மியில் ஒருவரையும் அனுப்பவில்லை. உபரி ஆட்கள் பயிற்சிக்கும், கைசன் எனப்படும் மேம்பாட்டு வேலைகளுக்கும், பராமரிப்புக்கும் போனார்கள். ஒப்பந்தத்தில் எழுதியதற்கு அன்றுதான் உயிர் வந்தது. வாக்குறுதி கொடுப்பதற்குச் செலவு இல்லை. 1988இல் காப்பாற்றியதற்குப் பெரும் செலவு. நம்பிக்கை அந்தச் செலவில் வந்தது.

தனி கார் நிறுத்தம், தனி சாப்பாட்டு அறை போன்ற அதிகாரிகளின் சலுகைகள் நம்மியில் இல்லை. எல்லோருக்கும் ஒரே கேன்டீன். நல்ல விஷயம், ஆனால் இதை மட்டும் காப்பியடித்துவிட்டுத் திருப்தியடையும் நிறுவனங்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. கயிறும் ஆள் விகிதமும் வேலைப் பாதுகாப்பும் இல்லாத இடத்தில் ஒரே கேன்டீன் என்பது ஒரே கேன்டீன் மட்டுமே.

கிடைத்தது என்ன

1980களின் நடுவில் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கார் ஆலைகளை ஒப்பிட்டார்கள். ஒரு காரைப் பூட்ட, மாசசூசெட்ஸில் உள்ள ஜெனரல் மோட்டார்ஸின் ஃப்ரேமிங்ஹாம் ஆலைக்கு 31 மணி நேரம்; ஜப்பானின் தகாவோகாவுக்கு 16; நம்மிக்கு 19. 100 காருக்குக் குறைபாடுகள் ஃப்ரேமிங்ஹாமில் 135. தகாவோகாவிலும் நம்மியிலும் 45. ஜெனரல் மோட்டார்ஸ் அதே காலத்தில் வேறு ஆலைகளில் ரோபோக்களுக்குக் கோடிகோடியாகக் கொட்டிக்கொண்டிருந்தது. நம்மி அவ்வளவு நவீன ஆலை அல்ல. 1991 வாக்கில் உள் கணக்கெடுப்பில் தங்கள் வேலையில் திருப்தி அல்லது மிகுந்த திருப்தி என்றவர்கள் சுமார் 90 சதவீதம்.

எங்கே வலித்தது

நம்மியைச் சொர்க்கமாகக் காட்டுவது அங்கே உழைத்தவர்களுக்குச் செய்யும் அநியாயம். வேலை எளிதாகவில்லை, கடினமானது. ஒரு நிமிடத்தில் கை ஓய்வாக இருக்கும் விநாடிகள் குறைந்தன. உபரி ஆள் இல்லாததால் ஒருவர் வராவிட்டால் சுமை அப்படியே குழுவின் தலையில் விழும். விடுப்பு விதிகளும் கடுமை. சங்கத்துக்குள்ளேயே எதிர் அணி உருவாகித் தேர்தலில் வலுவாக நின்றது. தொழிலாளர் தரப்பு விமர்சகர்கள் இந்த முறைக்கு ‘அழுத்தம் கொடுத்து நிர்வகித்தல்’ என்று பெயர் வைத்தார்கள். டீம் லீடர்களை ஆரம்பத்தில் நிர்வாகமே தேர்ந்தெடுத்தபோது, வேண்டியவர்களுக்குத்தான் கிடைக்கிறது என்ற புகைச்சல் கிளம்பியது. சங்கமும் சேர்ந்து தேர்ந்தெடுக்கும் முறை வந்த பிறகுதான் அடங்கியது.

மிகப் பெரிய சறுக்கல் 1993 மாடல் அறிமுகத்தில் நடந்தது. புதிய காருக்கு எல்லா வேலைகளும் மாறின. வேகத்தை ஏற்றும் மும்முரத்தில் பணிச்சுழற்சி பல குழுக்களில் நின்றுபோனது. ஒரே தோள், ஒரே மணிக்கட்டு, நாள் முழுவதும் ஒரே அசைவு. காயங்கள் கூடின. 1993 ஜனவரியில் கலிபோர்னியா மாநிலத்தின் பணியிடப் பாதுகாப்பு அமைப்பு ஆலைக்கு நோட்டீஸ் கொடுத்தது. பிறகு சங்கமும் நிர்வாகமும் உட்கார்ந்து பேசி, உடல்நோகாமல் வேலையை அமைப்பதற்கென்றே முழுநேரப் பிரதிநிதியை வைத்து, வேலைகளை ஒவ்வொன்றாக மதிப்பிட்டார்கள். அடுத்த மாடல் அறிமுகம் இவ்வளவு மோசமாகப் போகவில்லை. இதில் படிக்க வேண்டியது: கயிறு குறைபாடுள்ள போல்ட்டுக்கு மட்டும் இருந்தது, நோகும் தோளுக்கு இல்லை. தோள் ஒரு நிமிடத்தில் பழுதாவதில்லை, அதனால் விளக்கும் எரிவதில்லை.

ஒரு நிமிடச் சுற்றில் மனநிறைவு கிடைக்குமா என்ற அடிப்படைக் கேள்வியும் நிற்கிறது. ஸ்வீடனில் வால்வோ இதற்கு நேர் எதிரான விடையை முயன்றது. 1980களின் கடைசியில் தொடங்கிய உட்டவல்லா ஆலையில் ஒரு சிறு குழு ஒரே இடத்தில் நின்று முழுக் காரையும் கட்டியது. சுற்று இரண்டு மணி நேரம் வரை நீண்டது. கைத்தொழிலாளியின் பெருமிதம் அங்கே இருந்தது. 1993இல் அந்த ஆலை மூடப்பட்டது. அது முறையின் தோல்வியா, சந்தைச் சரிவா என்ற வாதம் நீண்டகாலம் நடந்தது. எங்கள் பார்வையில், வேலையின் நீளத்தைக் கூட்ட வாய்ப்பிருக்கும் இடத்தில் கூட்டுவதே நல்லது. பெரும்பாலான வேலைகளில் அந்த வாய்ப்பு இல்லை. அங்கே எஞ்சுவது, தன் வேலையின் முறையில் தனக்கு ஒரு சொல் உண்டு என்ற உரிமை.

ஜெனரல் மோட்டார்ஸ் ஏன் கற்கவில்லை

ஜெனரல் மோட்டார்ஸ் தன் மேலாளர்கள் 16 பேரை நம்மிக்கு அனுப்பியது. திரும்பி வந்தவர்களை ஒரே இடத்தில் போடாமல் சிதறடித்தது. கலிபோர்னியாவிலேயே இருந்த வான் நைஸ் ஆலையில் இதே குழு முறையைக் கொண்டுவந்தபோது, பணிமூப்பால் கிடைத்த நல்ல இடங்களை இழக்கத் தொழிலாளர்கள் தயாராக இல்லை. அதிகாரத்தை இழக்க சூப்பர்வைசர்களும் தயாராக இல்லை. ஃப்ரீமாண்டில் ஆலை இரண்டு வருடம் மூடிக் கிடந்தது, எல்லோருக்கும் வேலை போன பயம் தெரியும். வான் நைஸில் அந்த நிலை வரவில்லை. லைனில் கயிறு கட்டினாலும், வெளியே போன கார்களின் எண்ணிக்கையை வைத்து மதிப்பிடப்படும் மேலாளர் லைனை நிறுத்த விடுவாரா? விடவில்லை. பாகம் பொருந்தவில்லை என்று லைனிலிருந்து சொன்னால் வடிவமைப்புப் பிரிவு திரும்பிப் பார்க்கவும் இல்லை. வான் நைஸ் 1992இல் மூடப்பட்டது.

2009இல் ஜெனரல் மோட்டார்ஸ் திவாலாகி, நம்மியிலிருந்து விலகியது. தனியாக நடத்த டொயோட்டாவும் முன்வரவில்லை. 2010 ஏப்ரல் 1 அன்று ஒரு சிவப்பு கொரோலா கடைசியாக லைனை விட்டு இறங்கியது. சுமார் 4,700 பேருக்கு வேலை போனது. அடுத்த மாதம் கட்டடத்தை டெஸ்லா வாங்கியது. நல்ல முறையில் நடந்த ஆலையையும் தாய் நிறுவனங்களின் முடிவு ஒரே கையெழுத்தில் மூடிவிடும். அந்தத் தொழிலாளர்கள் இதைவிட நல்ல முடிவுக்குத் தகுதியானவர்கள்.

வேறு இடங்களில் செய்து பார்க்க

கயிறு கார் ஆலைக்கு மட்டும் உரியதல்ல. சியாட்டிலில் உள்ள வர்ஜீனியா மேசன் மருத்துவமனை 2002இல் இதே கருத்தை நோயாளி பாதுகாப்புக்குக் கொண்டுவந்தது. எந்த ஊழியரும் ஆபத்தைக் கண்டால் வேலையை நிறுத்தி எச்சரிக்கை கொடுக்கலாம், பொறுப்பாளர் வந்தாக வேண்டும்.

அலுவலகத்திலோ வார்டிலோ கடையிலோ தொடங்குவதென்றால் ஒரே ஒரு குழுவில், ஏழு பேருக்கு மிகாமல் தொடங்குங்கள். எந்த மூன்று சூழ்நிலையில் குரல் கொடுக்க வேண்டும் என்று குழுவே எழுதட்டும். பில்லிங் கவுன்ட்டர் என்றால்: விலை பொருந்தவில்லை, மெஷின் இரண்டாம் முறை தொங்குகிறது, வாடிக்கையாளர் கேட்பது என் அதிகாரத்தில் இல்லை. குரலுக்கு வர வேண்டியவர் ஒருவரே, பெயரோடு குறித்துவையுங்கள். ‘யாராவது வருவார்கள்’ என்றால் யாரும் வரமாட்டார்கள். அவர் விடுப்பு என்றால் மாற்று யார் என்பதும் எழுத்தில் இருக்கட்டும். வரும் நேரத்துக்கு வரம்பு வையுங்கள்: கவுன்ட்டரில் ஒரு நிமிடம், கணக்குப் பிரிவில் பதினைந்து நிமிடம் என்று வேலையின் வேகத்துக்கு ஏற்ப. வருபவருக்குச் சொந்த இலக்கு வேலை இருந்தால் அதைக் குறைத்தே ஆக வேண்டும். இதைச் செய்யாமல் தொடங்கும் முயற்சிகள் முதல் மாதத்திலேயே சாகின்றன.

ஒரு நோட்டுப் புத்தகம் போதும். எப்போது அழைத்தார், என்ன சிக்கல், வந்தவர் எத்தனை நிமிடத்தில் வந்தார், நிரந்தரமாகச் சரிசெய்ய யார் பொறுப்பு. அழைத்தவரின் பெயர் வேண்டாம். வாரம் ஒருமுறை அரை மணி நேரம் உட்கார்ந்து, அதிகம் வந்த ஒரு சிக்கலை மட்டும் எடுத்து வேரோடு தீர்க்கப் பாருங்கள். வலி, அசதி என்பதற்கும் அதே நோட்டில் இடம் விடுங்கள். நம்மி 1993இல் கொடுத்த விலையை நீங்களும் கொடுக்க வேண்டியதில்லை.

முதல் சில வாரங்களில் அழைப்புகள் கூடும். மேலதிகாரிகள் பதறுவார்கள். கூடத்தான் வேண்டும், இதுவரை மறைந்திருந்தவை வெளியே வருகின்றன. அழைப்பு திடீரென்று நின்றால்தான் கவலைப்பட வேண்டும். யாரோ ஒருவர் அழைத்து, வந்தவர் முகம் சுளித்திருப்பார்.

ஆண்டுக்கு ஒருமுறை நடத்தும் ஈடுபாட்டுக் கணக்கெடுப்பைவிட இந்த நோட்டு முன்கூட்டியே சொல்லும். கருத்துக்கணிப்பு நடத்தும் கேலப் நிறுவனத்தின் கணக்குப்படி 2024இல் உலகப் பணியாளர்களில் 21 சதவீதம் பேர்தான் வேலையில் ஈடுபாட்டோடு இருந்தார்கள். அவர்களுடைய பன்னிரண்டு கேள்விகளில் முதல் இரண்டும் மிகச் சாதாரணமானவை: என்னிடம் எதிர்பார்ப்பது என்ன என்று தெரியுமா, வேலைக்குத் தேவையான பொருளும் கருவியும் என்னிடம் இருக்கின்றனவா. குழு தானே எழுதும் தாள் முதல் கேள்விக்கு விடை. கயிறு இரண்டாவதற்கு.

வேலை தேடுபவரும் இதைப் பயன்படுத்தலாம். நேர்காணலின் கடைசியில், ‘ஏதாவது கேட்க வேண்டுமா?’ என்பார்கள். சம்பளம், லீவு பேசி முடித்த பிறகு இரண்டு கேள்விகள் கேளுங்கள். வேலையில் மாட்டிக்கொண்டால் நான் யாரைக் கூப்பிட வேண்டும், அவருக்குக் கீழே எத்தனை பேர்? இந்த வேலையின் முறையில் கடைசியாக ஒரு மாற்றம் எப்போது வந்தது, யார் சொல்லி? நல்ல இடமாக இருந்தால் மேஜைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் யோசிக்காமல் ஒரு பெயரையும் ஒரு சம்பவத்தையும் சொல்வார். முடிந்தால் அதே கேள்வியை, வெளியே டீக்கடையில் நிற்கும் ஊழியர் ஒருவரிடமும் கேட்டுப் பாருங்கள்.